விசில் யார் கையில்?

பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். மாலை வகுப்பு விட்ட பிறகு எங்கள் பிள்ளைகளில் ஒருவன் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். தலையில் ஹெல்மெட், தோளில் மூட்டை மாதிரி கவசம் கட்டிய ஆட்கள் ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"எக்கா, பந்து ஒருத்தன் கையிலதான் இருக்கு. இந்த அஞ்சு பேரு அதத் தொடக்கூட இல்ல. சும்மா மறிச்சிக்கிட்டே நிக்கானுவ. இவனுவளுக்கு என்ன பேரு?"

அது அமெரிக்கக் கால்பந்து. அந்த ஐந்து பேருக்கும் லைன்மேன் என்று பேர் என்றேன். சிரித்துவிட்டார்கள். அச்சன்புதூரில் லைன்மேன் என்றால் மின்வாரியக்காரர்தானே. ஆனால் கேட்டவன் சிரிக்கவில்லை. "அப்போ நம்ம அண்ணன் மாதிரி" என்றான். அவன் சொன்ன அண்ணன், எங்கள் காலனி அணியில் இடது கார்னர் நிற்கிறவர். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியதும்தான்.

கபடியில் கார்னர் வேலை என்னவென்று தெரியாத தோழர்களுக்காகச் சொல்கிறேன். ஏழு பேர் வளைந்து நிற்கும் வரிசையின் இரண்டு முனைகளிலும் நிற்பவர்கள் கார்னர். பாடி வருகிறவன் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டும்போது பாய்ந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் அவன் தொட்டுவிட்டு ஓடிவிடுவான். கொஞ்சம் பிந்தினால் கால் போய்விடும். பிடித்தால் மட்டும் போதாது, அதே நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் வந்து விழ வேண்டும். அதற்கான சமிக்ஞையைக் கொடுப்பவரும் பெரும்பாலும் கார்னர்தான். ஓரத்தில் நிற்பதால் அவருக்கு ஆறு பேரும் தெரிவார்கள், வருகிறவனின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் தெரியும். கைதட்டு என்னவோ பாடிப்போகிறவனுக்குத்தான். பிடிக்கிறவனுக்கு 'பெஸ்ட் கேட்சர்' என்று ஒரு சின்னக் கோப்பை கொடுப்பார்கள், அதோடு சரி. ஆட்டத்தை முழுதாகப் படித்தவர் யார் என்று என்னைக் கேட்டால் நான் அந்தச் சின்னக் கோப்பைக்காரரைத்தான் கைகாட்டுவேன்.

எங்கள் அண்ணனுக்கு 26 வயது. கல்லூரி அணிக்கு ஆடியவர். இப்போது பகலில் தேங்காய் லோடு ஏற்றுகிறார், சாயங்காலம் ஆற்றங்கரை மணலில் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்கிக்கொடுக்கிறார். சென்ற வருடம் எங்கள் வட்டாரத்துத் தனியார் பள்ளி ஒன்று, போட்டிக்கு 20 நாள் இருக்கும்போது அவரைக் கூப்பிட்டது. தினமும் காலை ஐந்தரை மணிக்குப் போனார். அந்தப் பள்ளி கோப்பை வாங்கியது. மறுநாள் வாசலில் கட்டிய பிளெக்ஸில் பயிற்சியாளர் என்று வேறொருவர் படம் இருந்தது. அந்த மனிதர் அந்த 20 நாளில் மைதானத்துக்கு வந்தது இரண்டு முறை. நம் அண்ணனுக்கு ஆயிரம் ரூபாயும் ஒரு பிரியாணிப் பொட்டலமும் கொடுத்தார்கள். நான் போய்க் கேட்டேன். "அவர்ட்ட சர்டிபிகேட் இல்லையேம்மா" என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். அறையை விட்டு வெளியே வரும்போது, "நம்ம பிள்ளைய அவன்ட்ட கைகட்டி நிக்கிற மாதிரி போட்டோ வந்தா பெத்தவங்க ஒத்துக்குவாங்களா" என்று உள்ளே யாரோ சொல்வதும் கேட்டது. முதலில் சொன்னது காரணம், பிறகு சொன்னதுதான் உண்மை என்று நான் எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் இரண்டும் உண்மை. அதனால்தான் இது சிக்கல்.

உடம்பால் செய்கிற வேலைக்கு நம்மைக் கூப்பிடுவதில் இந்தச் சமூகத்துக்கு என்றைக்கும் தயக்கம் இருந்ததில்லை. வயலில், சுடுகாட்டில், பறை அடிப்பதில், இப்போது கபடித் தளத்தில். ஆனால் பயிற்சியாளர் வேலை உடம்பு வேலை இல்லை. யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்மானிப்பது, தப்பைத் தப்பென்று சொல்வது, எல்லாத் தெருப் பிள்ளைகளையும் வரிசையில் நிற்கச் சொல்வது. அது அதிகாரம். விளையாட்டில் சாதி எங்கே இருக்கிறது என்று தேட நினைக்கும் தோழர்கள் ஆடுகிற ஏழு பேரைப் பார்த்தால் போதாது, விசில் வைத்திருப்பவரையும் பார்க்க வேண்டும்.

எம்.ஏ. படிக்கும்போது இதை நான் அமெரிக்கப் பாடமாகத்தான் படித்தேன். 1963இல் ஆஸ்கர் கிரஸ்கி என்ற சமூகவியலாளர் பேஸ்பால் மேலாளர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார். ஆடும் காலத்தில் மற்றவர்களோடு அதிகம் பேசி, சேர்ந்து வேலை செய்யும் இடங்களில் நின்றவர்கள்தான் பிறகு அதிகமாக மேலாளர் ஆகியிருந்தார்கள். 1970இல் ஜான் லாய், ஜோசப் மெக்எல்வோக் இருவரும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: அந்த நடு இடங்களில் நிற்பது யார்? பேஸ்பாலிலும் அமெரிக்கக் கால்பந்திலும் அங்கே வெள்ளையர்கள் அதிகம், கறுப்பர்கள் ஓரங்களில். முடிவெடுக்கும் மூளை அவர்களுக்கு, வேகமும் பலமும் இவர்களுக்கு என்று ஒரு எழுதாத சட்டம். இதற்கு 'ஸ்டாக்கிங்' என்று பேர், ஆட்களை இனவாரியாக அடுக்கி வைப்பது. அணிக்குள் சேர்த்துக்கொண்டோமே, பிறகென்ன பாகுபாடு என்று கேட்பவர்களுக்கு அது நல்ல பதில். சேர்த்துக்கொண்ட இடம் எது என்பதிலேயே பத்து வருடம் கழித்து யார் பயிற்சியாளர் என்பது பாதி முடிவாகிவிடுகிறது.

அந்த அடுக்கை உடைத்துக்கொண்டு வந்த ஒரு லைன்மேனின் பேர் ஆர்ட் ஷெல். 1946இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் பிறந்த கறுப்பர். வரலாற்றில் கறுப்பின மாணவர்களுக்கென்றே நடந்துவந்த மேரிலாண்ட் ஸ்டேட் கல்லூரியில் ஆடி, 1968இல் ஓக்லண்ட் ரைடர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போனார். (அணியின் பேர்தான் ரைடர்ஸ், மனிதர் மறிக்கிற ஆள்.) 1982 வரை ஆடினார், இரண்டு முறை சூப்பர் பவுல் வென்ற அணியில் இருந்தார். ஆட்டத்தை நிறுத்திய பிறகு அதே அணியில் லைன்மேன்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1989 அக்டோபரில் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 1920களில் ஃபிரிட்ஸ் போலார்ட் என்ற கறுப்பர் அந்த லீகில் பயிற்சியாளராக இருந்தார். அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் கறுப்பர் ஷெல்தான். இடையில் அறுபது வருடத்துக்கு மேல் போயிருந்தது. அந்த அறுபது வருடம் முடியும்போது கறுப்பர்கள் ஆட்டத்தின் முதுகெலும்பாகவே ஆகிவிட்டிருந்தார்கள். 1990இல் ஷெல்லின் அணி 12 ஆட்டம் ஜெயித்து 4 ஆட்டம் தோற்றது. மூளை இல்லை என்றவர்களுக்கு வேறு கணக்குத் தேவையில்லை.

கல்லூரிகளிலும் இதே கதைதான். வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள முதல்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குக் கறுப்பர் ஒருவர் தலைமைப் பயிற்சியாளர் ஆனது 1979இல், விச்சிடா ஸ்டேட்டில் வில்லி ஜெஃப்ரீஸ். அதற்கு முன்பு கறுப்பினப் பயிற்சியாளர்கள் எங்கே உருவானார்கள்? கறுப்பினக் கல்லூரிகளில். கிராம்ப்ளிங் கல்லூரியில் எடி ராபின்சன் 1941இல் பயிற்சியாளராகி 1997 வரை இருந்தார், 408 ஆட்டங்கள் ஜெயித்தார். தங்களுக்கென்று ஒரு நிறுவனம் இருந்ததால் அங்கே ஒரு விசிலும் இருந்தது. ஷெல்லும் அப்படி ஒரு கல்லூரியின் பிள்ளைதான். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம் விடுதிகளைப் பற்றிப் பேசும்போது திரும்ப வருகிறேன்.

அமெரிக்கா வரை போவானேன் என்று கேட்டால், நமக்கு பல்வங்கர் பாலு இருக்கிறார். 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்த தலித் பந்துவீச்சாளர். பந்து வீச அவர் வேண்டும், தலைவராக வேண்டாம் என்று இந்து அணி கடைசி வரை சொன்னது. 1923இல் அவர் தம்பி விட்டல்தான் அந்த அணிக்குத் தலைவர் ஆனார்.

இனி நம் மண்ணின் லைன்மேன். தர்மராஜ் சேரலாதன், தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், பிடி ஆட்டக்காரர். கபடிக்காரர்கள் எல்லோருக்கும் அவர் 'அண்ணா'. 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைவராக இருந்து புரோ கபடி கோப்பையை வாங்கினார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அப்போதே வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகும் பல சீசன் ஆடினார். இருபது வயதுப் பையன்கள் பாடி வரும்போது நாற்பது வயது உடம்பு அவர்களை எப்படிப் பிடிக்கும்? வேகத்தால் முடியாது. அவன் எங்கே வருவான் என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் முடியும். 2024இல் தமிழ் தலைவாஸ் அணி உதயகுமாரைத் தலைமைப் பயிற்சியாளராகவும் சேரலாதனை உத்திப் பயிற்சியாளராகவும் எடுத்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. தளத்தில் நின்றுகொண்டே அவர் அந்த வேலையைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்தானே.

பெரிய ஆட்டக்காரருக்கு இந்த வழி திறக்கிறது, நல்லது. என் கவலை உலகக் கோப்பை வரை போகாதவர்களைப் பற்றி. ஒவ்வொரு ஊரிலும் பல்கலைக்கழக அளவு வரை ஆடி, அதற்கு மேல் போகாமல், முழங்கால் போய், லோடு ஏற்றிக்கொண்டிருக்கும் கார்னர்கள் பற்றி. ஒரு ஊரின் கபடி அறிவு முழுக்க அவர்களிடம்தான் இருக்கிறது. அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய விசில் எது? பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர், கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர், மாவட்ட விளையாட்டு அரங்கில் பயிற்சியாளர். முதல் இரண்டுக்கும் உடற்கல்விப் படிப்பு வேண்டும், பி.பி.எட். படிக்க அதற்கு முன் ஒரு டிகிரி வேண்டும். மூன்றாவதற்கு பாட்டியாலாவில் 1961இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின், அதாவது எல்லோரும் என்.ஐ.எஸ். என்று சொல்கிறார்களே அதன், சான்றிதழ் கேட்பார்கள். அண்ணன் டிகிரியில் இரண்டு அரியர் வைத்திருக்கிறார். போட்டிக்குப் போன நாட்களில் நடந்த தேர்வுகள் அவை. ஆட்டம்தான் அவரைக் கல்லூரிக்குள் கொண்டுபோனது, ஆட்டம்தான் பட்டம் இல்லாமல் வெளியே அனுப்பியது. கோப்பையைக் கல்லூரி அலமாரியில் வைத்துக்கொண்டார்கள்.

சான்றிதழே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளின் உடம்போடு விளையாடுகிற வேலை அது, படித்துத்தான் செய்ய வேண்டும். நன்றாக ஆடுகிறவர்கள் எல்லோரும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள் என்பதும் இல்லை. திட்டுவதே பயிற்சி என்று நினைக்கிறவர்கள் நம் தெருவிலும் உண்டு. ஆனால் சான்றிதழுக்குப் போகும் வழி நம் பிள்ளைகளுக்கு எங்கே அடைபடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. அடைபட்ட பிறகு "தகுதி இல்லை" என்கிறார்கள்.

இந்த உடற்கல்வி ஆசிரியர் என்ற பதவிக்கும் அமெரிக்காவுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர்தான். நூறு வருடம் தாண்டிவிட்டது. இந்த நூறு வருடத்தில் நம் சேரிகளிலிருந்து எத்தனை பேர் அந்த விசிலை வாங்கினார்கள் என்பது ஆய்வு மாணவர்கள் எடுக்க வேண்டிய தலைப்பு. நிரந்தரப் பணியிடங்களுக்கு ஆதிதிராவிடருக்கு 18 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது, அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் 2009இலிருந்து இருக்கிறது. ஆனால் வேலை நிரந்தரமாக வந்தால்தானே. 2012இல் அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள், உடற்கல்வி அதில் ஒரு முக்கியப் பாடம். மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் தொடங்கிய வேலை அது. நிரந்தரம் செய்யச் சொல்லி அவர்கள் போராடிப் போராடி அலுத்துப் போனார்கள். 5,000 ரூபாய் வேலையில் பத்து வருடம் தாக்குப்பிடிக்க வீட்டில் நிலமோ வேறு வருமானமோ வேண்டும். அது இல்லாதவன் லோடு ஏற்றப் போகிறான். இதற்குப் பேர் தனி மனிதனின் தோல்வி இல்லை.

யார் விசில் வைத்திருக்கிறார் என்பது வெறும் கௌரவப் பிரச்சனையா என்று கேட்கிறவர்கள் 2025 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கம், பிளஸ் ஒன் தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த நம் பிள்ளையை இறக்கி வெட்டினார்கள். கையின் விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். பிடி ஆட்டக்காரனுக்கு விரல்தான் எல்லாம். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் மணல் தளத்தில் யாரும் ஆடவில்லை, அண்ணன் பிள்ளைகளின் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாங்குநேரிக்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு முதல் பள்ளிப் பேரில் ஒட்டியிருக்கும் சாதி வரை பேசிய அறிக்கை. அதைப் படித்துவிட்டு நான் எங்கள் மைதானத்தை யோசித்தேன். போட்டி முடிந்த பிறகு எந்த வழியாகத் திரும்பி வருவது, எந்த ஊர் அணியோடு மோதும்போது கூட ஆள் வர வேண்டும், தோற்ற பக்கம் முறைக்க ஆரம்பித்தால் பரிசை வாங்காமலே வண்டி ஏறுவது, இதெல்லாம் தெரிந்த பயிற்சியாளர் வேண்டும். சாதியைப் பற்றித் தெரியாத பயிற்சியாளர் "விளையாட்டுல சாதி ஏதுப்பா" என்று சொல்லிவிட்டுத் தன் பைக்கில் போய்விடுவார். பிள்ளைகள் நடந்து வர வேண்டும். எங்கள் அண்ணன் தோற்கிற அணிக்கு முதலில் கை கொடுக்கச் சொல்லித்தான் பழக்கியிருக்கிறார். எந்தப் பாட்டியாலாவும் சொல்லிக்கொடுக்காத பாடம் அது.

'பைசன் காளமாடன்' வந்தபோது நம் இளைஞர்கள் கொண்டாடினார்கள், நானும் தென்காசியில் போய்ப் பார்த்தேன். மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர், நம் தென்பகுதியின் பெருமை. அந்தப் படத்தில் என் மனதில் நின்றவர் பி.டி. வாத்தியார். பையன் ஓடுவதைப் பார்த்து, இவன் ஆடுவான் என்று முடிவெடுத்த ஆள் அவர். அவர் இல்லாவிட்டால் கதையே இல்லை. அதே அக்டோபரில் பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில் கண்ணகி நகர் கார்த்திகா தங்கத்தோடு வந்தார், அரசு 25 லட்சம் கொடுத்தது. சென்னையின் நடுவிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே கொட்டிய மக்களின் பிள்ளை. கண்ணகி நகருக்குள்ளேயே பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்கியவர்கள் இருந்ததால் நடந்தது அது. நாம் கார்த்திகாவின் படத்தை ஸ்டேட்டஸ் வைத்தோம். பழக்கியவர்களை எத்தனை பேர் வைத்தோம்?

நம் பக்கத்துத் தவறும் இதில் இருக்கிறது. அம்பேத்கர் பிறந்தநாளுக்குக் கபடிப் போட்டி நடத்துகிறோம். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆளுயரக் கோப்பை, சவுண்டு சர்வீஸ். செலவு லட்சத்தைத் தொடும். அதில் ஒரு பத்தாயிரத்தை எடுத்து ஒரு தம்பியின் அரியரைக் கட்ட, ஒருவரை என்.ஐ.எஸ்.ஸின் 6 வார சான்றிதழ் படிப்புக்கு அனுப்ப, நாம் யோசித்திருக்கிறோமா? நான் பொறுப்பாக இருந்த ஆண்டுகளிலும் யோசிக்கவில்லை. இந்த ஏப்ரலில் கோப்பையின் உயரத்தைக் குறைக்கச் சொல்லி எங்கள் கூட்டத்தில் பேசினேன். பெரிய சண்டை. பாதி ஜெயித்தேன்.

விடுதிகளுக்கு வருகிறேன். ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. சாயங்காலம் ஐந்து முதல் ஏழு வரை அந்தப் பிள்ளைகளுக்கு யார் பயிற்சி கொடுக்கிறார்கள்? மாணவத் தோழர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி உங்கள் மாவட்டத்துக்கு இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். கூடவே, மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, பிரிவு வாரியாக எத்தனை என்றும் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள். ஊரில் ஆடி முடித்த கார்னர்களை, கவர்களை, படிக்கவைத்து அந்த விடுதிகளில் பயிற்சியாளராகப் போட முடியும். கிராம்ப்ளிங்கில் செய்ததைவிடப் பெரிய காரியம் ஒன்றும் இல்லை அது. நாம் நடத்துவது நமக்கான கல்லூரி இல்லைதான். ஆனால் விடுதி நம்முடையது.

அண்ணன் இரண்டு அரியருக்கும் பணம் கட்டிவிட்டார். ஒன்று பொருளாதாரம், அதை நான் சொல்லிக்கொடுக்கிறேன். இன்னொன்று ஆங்கிலம், அதற்கு போனில் அமெரிக்கக் கால்பந்து பார்த்த அந்தப் பையன் தினமும் ஒரு மணி நேரம் வருகிறான். அவன் பிளஸ் டூ. நேற்று அவர் ஒரு பத்தியைத் தப்பாக வாசித்தபோது இவன் "மறுபடி மொதல்ல இருந்து" என்றான், அவர் மணலில் இவனைச் சொல்கிற அதே தொனியில். அவர் மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.